15,340 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்? நீண்ட விமானப் பயணத்தைக் கணக்கிட ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 15,340 கிலோமீட்டர் என்றிருக்கும். வேறோரிடத்தில் 9,530 மைல். இன்னோரிடத்தில் 8,280 கடல் மைல். ஒரே தூரத்தைத்தான் மூன்று அளவுகளில் சொல்கிறார்கள். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இதுவரை குழப்பம் இல்லை. பயண நேரத்தைத் தேடும்போதுதான் தலை சுற்றும். ஒரு பக்கம் 17 மணி நேரம் என்கிறது, இன்னொன்று 18 மணி 45 நிமிடம் என்கிறது, டிக்கெட் விற்கும் தளமோ 24 மணி நேரம் என்கிறது. டிக்கெட்டைப் பார்த்தால் இரவு 11:30க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6:15க்குப் போய்ச் சேர்வதாக அச்சிட்டிருக்கிறது. ஏழு மணி நேரம்கூட இல்லையே!

இதில் எந்த எண்ணும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கான பதில். முதன்முறையாகத் தொலைதூர விமானத்தில் போகிறவர்கள் எந்த எண்ணை எப்போது பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கிலோமீட்டரை ஒருமுறை பார்த்தால் போதும், டிக்கெட்டிலுள்ள இரண்டு கடிகாரங்களைப் படிக்கத்தான் நன்றாகப் பழக வேண்டும்.

முதல் படி: எந்தத் தூரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தூரம் காட்டும் தளங்கள் தருவது பெருவட்டத் தூரம். உருண்டையான பூமியின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம் அது. சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டால் இது கிடைக்காது. டோக்கியோவும் லாஸ் ஏஞ்சலிஸும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அதனால் விமானம் பசிபிக்கின் குறுக்கே நேர்கிழக்காகப் போகும் என்றுதான் எவருக்கும் தோன்றும். இருக்கையின் முன்னுள்ள திரையில் பார்த்தால் விமானம் வடக்கே ஏறி, வளைந்து, பிறகு இறங்கும். சுற்றிப் போவதுபோல் தெரியும் அந்த வளைவுதான் குறுக்கு வழி. நம்பிக்கை வராவிட்டால் ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்.

சிங்கப்பூர்–நியூயார்க் தூரத்தைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம், அது ஓர் அழகான கணக்கு. சிங்கப்பூர் விமான நிலையம் வடக்கு 1.35 பாகையிலும் கிழக்கு 104 பாகையிலும் இருக்கிறது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வடக்கு 40.64, மேற்கு 73.8. இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 177.8 பாகை. 180 பாகைக்கு ஒட்டி வந்துவிட்டது, அதாவது இரண்டு ஊர்களும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. எனவே குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 90–1.35, அதாவது 88.65 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க் வரை 90–40.64, அதாவது 49.36 பாகை. மொத்தம் 138.01 பாகை. பூமியின் மேல் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,347 கிலோமீட்டர் வருகிறது. இணையம் காட்டும் எண்ணுக்கும் இதற்கும் சில கிலோமீட்டர்தான் வித்தியாசம். எல்லா ஊர்களுக்கும் கணக்கு இவ்வளவு எளிதாக அமையாது. மற்றவற்றுக்குக் கோள முக்கோணவியல் சூத்திரம் வேண்டும். அந்த வேலையை இணையக் கணிப்பான்களுக்கு விட்டுவிடலாம். அவற்றில் நகரின் பெயரைக் கொடுக்காமல் விமான நிலையத்தின் பெயரைக் கொடுங்கள்.

கிலோமீட்டர் காசாக மாறும் இடமும் ஒன்றுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுப் பயணிகள் உரிமை விதி, விமான நிறுவனத்தின் தவறால் ஏற்படும் நீண்ட தாமதத்துக்கும் ரத்துக்கும் இழப்பீட்டைத் தூரத்தைக் கொண்டே நிர்ணயித்தது. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடும்பயணத்துக்கு 600 யூரோ. அங்கும் அளவுகோல் பெருவட்டத் தூரம்தான். ஒரே முன்பதிவில் நடுவே இறங்கி மாறிப் போனாலும், புறப்பட்ட இடத்துக்கும் இறுதி இடத்துக்கும் இடையிலான தூரத்தையே பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

இரண்டாம் படி: தூரத்தை நேரமாக்குங்கள்

பெரிய ஜெட் விமானங்கள் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. ஆனால் 900ஆல் வகுத்தால் விடை குறைவாக வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. ஓடுபாதைக்கு உருண்டு போவதற்கும் வரிசையில் நிற்பதற்கும் நேரம் போகும். பாதையும் முழுக்கப் பெருவட்டத்தின் மேலேயே இருக்காது. கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, அதோடு 45 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். 15,340ஐ 850ஆல் வகுத்தால் 18 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். 45 நிமிடத்தைச் சேர்த்தால் 18 மணி 48 நிமிடம். சிங்கப்பூர்–நியூயார்க் நேரடி விமானத்துக்கு அட்டவணையில் தரும் நேரமும் இதையொட்டித்தான் இருக்கிறது. அந்த 17 மணி நேரம் காட்டிய தளம் என்ன செய்திருக்கும் என்று இப்போது ஊகிக்கலாம். தூரத்தை 900ஆல் வகுத்துவிட்டுக் கணக்கை மூடியிருக்கும்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் வாயிலிலிருந்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, சேரும் ஊரில் வாயிலில் வந்து நிற்கும் கணம் வரை உள்ள நேரம் அது. விமான நிறுவனங்கள் அதில் கொஞ்சம் தாராளமாகவே நிமிடங்களைச் சேர்த்து வைக்கின்றன. அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வதன் இரகசியம் பெரும்பாலும் அந்தக் கூடுதல் நிமிடங்கள்தான்.

மூன்றாம் படி: போகும் திசையைப் பாருங்கள்

போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரம் ஆகாது. விமானங்கள் பறக்கும் உயரத்தில், வட, தென் அரைக்கோளங்களின் நடுப்பகுதிகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலத்த காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று அதைச் சொல்வார்கள். குளிர்காலத்தில் அது மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டும். கிழக்கே போகும் விமானத்தை அது தள்ளிக்கொண்டு போகிறது, மேற்கே போகும் விமானம் அதை எதிர்த்துப் போக வேண்டியிருக்கிறது.

நியூயார்க்கும் லண்டனும் இதற்கு நல்ல சான்று. தூரம் 5,540 கிலோமீட்டர். லண்டனுக்குப் போக அட்டவணையில் ஏழு மணி நேரத்தையொட்டித் தருவார்கள். திரும்பி வர எட்டு மணி நேரம் வரை ஆகும். 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் புயல் வீசியபோது ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்விட்டது. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டதா என்று கேட்டால், இல்லை. விமானம் தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது, அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானாக எதிரே வந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். வராது. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. நடைமுறையில் மேற்குப் பயணம்தான் நீளம்.

இதனால்தான் சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் தினமும் ஒரே பாதையில் போவதில்லை. துருவத்தையொட்டிய கோடு தூரத்தில் குறைவு. ஆனால் பசிபிக்கின் மேல் பின்காற்று பலமாக இருக்கும் நாளில் ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தாலும் சீக்கிரம் போய்ச் சேரலாம், எரிபொருளும் மிச்சமாகும். எந்தப் பாதை என்பதை அன்றைய வானிலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பயணி செய்ய வேண்டியது சிறியது. போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும், ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்கக் கூடாது.

நான்காம் படி: வானத்திலும் வேலிகள் உண்டு

தூரம் காட்டும் கணிப்பானுக்குப் போர் தெரியாது, தடை தெரியாது. ஹெல்சின்கி–டோக்கியோ பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். முன்பு ரஷ்யாவின் மேலாக ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடுவார்கள். 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு அதே பயணம் 13 மணி நேரத்தை எட்டியது. கணிப்பானில் இன்றும் அதே 7,800தான்.

நம் 850 சூத்திரம் தரும் விடைக்கும் அட்டவணைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு வந்தால், பாதையில் ஏதோ ஒரு வேலி இருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது அட்டவணையை நம்புங்கள். பழைய கட்டுரைகளில் படித்த பயண நேரங்களை ஒதுக்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: டிக்கெட்டின் இரண்டு கடிகாரங்கள்

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டிக்கெட்டில் அச்சிடும் புறப்பாட்டு நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கிடைப்பது பயண நேரமாகாது. இரண்டையும் முதலில் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு உலகப் பொது நேரமான யூடிசி இருக்கிறது.

ஜூலை 14 இரவு 11:30க்குச் சிங்கப்பூரில் கிளம்பும் விமானம் ஜூலை 15 காலை 6:15க்கு நியூயார்க் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் யூடிசியைவிட 8 மணி நேரம் முன்னே இருக்கிறது. 23:30இலிருந்து 8ஐக் கழித்தால் யூடிசி 15:30. நியூயார்க் கோடையில் யூடிசிக்கு 4 மணி நேரம் பின்னே இருக்கிறது. 6:15உடன் 4ஐக் கூட்டினால் மறுநாள் யூடிசி 10:15. முதல் நாள் 15:30 முதல் மறுநாள் 10:15 வரை 18 மணி 45 நிமிடம். ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகத் தெரிந்த பயணத்தின் உண்மை நீளம் இதுதான்.

முன்னே இருக்கும் ஊருக்குக் கழிக்க வேண்டும், பின்னே இருக்கும் ஊருக்குக் கூட்ட வேண்டும். இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் போடுங்கள். மனக்கணக்கில் தேதி வழுக்கிவிடும்.

அதே விமானம் ஜனவரியில் அதே நேரத்துக்குக் கிளம்பி அதே அளவு நேரம் பறந்தால், நியூயார்க் கடிகாரம் 5:15தான் காட்டும். அமெரிக்காவின் பெரும்பகுதி மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று தள்ளி அக்டோபர் கடைசி ஞாயிறன்று இழுக்கிறது. இந்த இடைவெளியில் ஒரு விசித்திரம் நடக்கும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமாக 5 மணி நேர வித்தியாசம். மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களுக்கும், அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து ஒரு வாரத்துக்கும் அது 4 ஆகிவிடும். சிட்னியில் கோடை வேறு மாதங்களில் வருவதால் அங்கே எல்லாம் தலைகீழ். லண்டனுக்கும் சிட்னிக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்குள்ளேயே 9, 10, 11 என்று மாறும். சிங்கப்பூரும் இந்தியாவும் ஜப்பானும் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே நேர வித்தியாசத்தை எங்கோ படித்த நினைவில் போடாமல், பயணத் தேதியைக் கொடுத்துப் பாருங்கள்.

பசிபிக்கைக் கடப்பவர்களுக்கு இன்னும் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ஜூலை 10 காலை 10 மணிக்குச் சிட்னியிலிருந்து கிளம்பி, பதின்மூன்றரை மணி நேரம் பறந்து லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கினால், அங்கே அதே ஜூலை 10 காலை 6:30. கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தாயிற்று! திரும்பும்போது கடன் வட்டியோடு வசூலாகும். ஜூலை 20 இரவு 10:30க்கு லாஸ் ஏஞ்சலிஸை விட்டு 15 மணி நேரம் பறந்தால் சிட்னியில் ஜூலை 22 காலை 6:30. ஜூலை 21 வானிலேயே கழிந்துவிடும். டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் +1, +2 என்றிருப்பது இதைத்தான் சொல்கிறது. அந்தப் பொடி எழுத்தைக் கவனிக்காமல் ஹோட்டலை ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்துவிட்டு, அந்த இரவுக்கும் பணம் கட்டுகிறவர்கள் உண்டு.

ஆறாம் படி: நடுவில் இறங்கினால்

நான்ஸ்டாப் என்று போட்டிருந்தால் எங்கும் இறங்காது. டைரக்ட் என்று மட்டும் போட்டிருந்தால் விமான எண் மாறாது என்றுதான் பொருள், வழியில் இறங்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிராங்பர்ட்டில் இறங்கி நியூயார்க் போகும் ஒரு சேவையை ஒரே எண்ணில் நடத்திவந்திருக்கிறது. அந்த வழியின் தூரத்தைப் பாருங்கள். சிங்கப்பூர்–பிராங்பர்ட் ஏறத்தாழ 10,280 கிலோமீட்டர், பிராங்பர்ட்–நியூயார்க் 6,190. மொத்தம் 16,470. நேர்தூரத்தைவிட 1,130 கிலோமீட்டர்தான் அதிகம், பறக்கும் கணக்கில் ஒரு மணி இருபது நிமிடம். ஆனால் மொத்தப் பயணம் ஒரு நாளை நெருங்கிவிடும். இரண்டு முறை ஏறி இறங்குவதும் தரையில் காத்திருப்பதும்தான் மீதி நேரத்தை விழுங்குகின்றன. டிக்கெட் தளம் 24 மணி நேரம் என்று காட்டியதன் காரணம் இதுபோன்ற வழிதான். எனவே இணைப்பு விமானங்களை ஒப்பிடும்போது எந்த ஊர் வழியாகப் போகிறது என்பதைவிட எவ்வளவு நேரம் தரையில் இருக்க வேண்டும் என்பதை முதலில் பாருங்கள்.

இடைவெளி குறைவாக இருப்பதும் ஆபத்துதான். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மாறுவதற்கான குறைந்தபட்ச நேரம் ஒன்றை வகுத்திருக்கிறார்கள். டிக்கெட் தளங்கள் அதற்குக் கீழே விற்பதில்லை. ஆனால் அது காலில் சக்கரம் கட்டியவர்களுக்கான நேரம். பழக்கமில்லாத பெரிய நிலையத்தில் இரண்டரை மணி நேரம் இருந்தால்தான் நிம்மதி. இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைவு என்று தனித்தனியாக வாங்கியிருந்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்பேன்.

அமெரிக்கா வழியாக மூன்றாவது நாட்டுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே வெறுமனே விமானம் மாறுவதற்கும் குடிநுழைவுச் சோதனையைக் கடந்தாக வேண்டும், பலருக்கு அதற்கே விசா வேண்டும்; பெட்டியையும் பொதுவாக எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். மாறும் நிலையத்தின் பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள். டோக்கியோ என்றால் நரிட்டாவாகவும் இருக்கலாம், ஹனேடாவாகவும் இருக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பஸ்ஸில் போகவே ஒன்றரை மணி நேரம் வரை ஆகிவிடும். லண்டனில் ஹீத்ரோவுக்கும் கேட்விக்குக்கும் இடையிலும் இதே கதைதான்.

கடைசிப் படி: வாசலிலிருந்து வாசலுக்கு

மீண்டும் அந்த ஜூலை 14ஆம் தேதி விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்கச் சொல்கிறார்கள். நிலையத்துக்குப் போக ஒரு மணி நேரம் என்றால் இரவு 7:30க்கு வீட்டை விட்டாக வேண்டும். 11:30 என்பது விமானம் நகரும் நேரம். பெட்டி வாங்கும் கவுன்ட்டர் பெரும்பாலும் அதற்கு ஒரு மணி நேரம் முன்பும், ஏறும் வாயில் 15, 20 நிமிடம் முன்பும் மூடிவிடும். மறுநாள் காலை 6:15க்கு இறங்கினால் குடிநுழைவு வரிசைக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மணி நேரம், நகருக்குள் போக ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்தால் காலை 9 மணிக்குத் தங்கும் இடம். இரவு 7:30 முதல் காலை 9 வரை கடிகாரம் காட்டுவது பதின்மூன்றரை மணி நேரம். அதோடு நேர வித்தியாசமான 12ஐக் கூட்டுங்கள். இருபத்தைந்தரை மணி நேரம். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்ல வேண்டிய எண் இதுதான்.

அந்த ஒன்பது மணி உடலுக்கு இரவு ஒன்பது மணி என்பதையும் கணக்கில் வையுங்கள். ஹோட்டல் அறை பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும். அதிகாலையில் இறங்குகிறவர்கள் முந்தைய இரவுக்கும் அறையைப் பதிவு செய்துகொள்ளலாம். அல்லது பெட்டியை வரவேற்பறையில் வைத்துவிட்டு வெளிச்சத்தில் நடக்கலாம், பகல் வெளிச்சம் உடலின் கடிகாரத்தைச் சீக்கிரம் திருப்பிவைக்கும். நேர்காணல், கூட்டம், திருமணம் என்று தவறவிட முடியாத எதையும் இறங்கும் நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.